ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும்: எங்கள் கம்பளி நூல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருக்கும் எங்கள் நூல் கடைக்கு நேரில் வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் இந்தப் பருவத்தில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இங்கே இல்லாத சந்தேகம் இருந்தால், பின்னிக்கொண்டிருப்பதைக் கையோடு எடுத்து வாருங்கள். பாதி பின்னிய துண்டைப் பார்த்துவிட்டால் பதில் சொல்வது எளிது.

இந்தப் பருவத்துக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது?

மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி, 4 ப்ளை எனப்படும் மெல்லிய தடிமனில், 50 கிராம் உருண்டைகளில். சாம்பல், பாசிப் பச்சை, மாம்பழ மஞ்சள், அடர் நீலம் ஆகிய நிறங்கள் இருக்கின்றன. தொட்டால் கழுத்தில் குத்தாத ரகம். மஃப்ளர், குழந்தைச் சட்டை, காலுறை மூன்றுக்கும் பொருந்தும்.

லூதியானாவிலிருந்து கம்பளியும் அக்ரிலிக் என்ற செயற்கை இழையும் கலந்த டபுள் நிட்டிங் நூல் (4 ப்ளையைவிடச் சற்றே தடித்தது) வந்திருக்கிறது. பள்ளிச் சீருடைக்கான மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை மூன்றும் இதில்தான். இமாசலப் பக்கத்துச் சாயமிடாத நூலும் கொஞ்சம் இருக்கிறது. ஆட்டின் சொந்த நிறமான பழுப்பும் சாம்பலும் கலந்தது, சற்றே முரடு. ஜாக்கெட் மாதிரி மேலே போட்டுக்கொள்வதற்கு எடுங்கள், உள்ளே அணிய வேண்டாம். தேங்காய் ஓட்டில் செய்த பொத்தான்கள் மூன்று அளவுகளில் வந்திருக்கின்றன.

எங்களுக்கு அதிக மகிழ்ச்சி தந்த வரவு, கையால் நூற்ற நீலகிரி ஆட்டுக் கம்பளி. ஒரு சிறு மூட்டைதான். அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

நீலகிரி ஆடு என்று உண்மையிலேயே ஒரு இனம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்த மலையில் பிறந்து வளர்கிறவர்களே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் வருத்தம். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான ஆடு இது. தென்னிந்தியாவின் மற்றச் செம்மறி இனங்கள் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. உடம்பில் முடி இருக்கும், ஆனால் உடுத்தக்கூடிய கம்பளி கிடைக்காது. நீலகிரி ஆட்டில்தான் மென்மையான, சுருள் உள்ள, ஆடைக்கு ஏற்ற கம்பளி வளர்கிறது. இங்குள்ள குளிரையும் ஓயாத மழையையும் தாங்கிப் பழகிய ஆடு.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் சாண்டிநல்லாவில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்து வருகிறது. வெளியே வளர்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாகவும் காய்கறித் தோட்டமாகவும் கட்டடமாகவும் மாறினால் ஆட்டுக்கு இடம் ஏது? வெட்டிய கம்பளியை வாங்க ஆள் இல்லாதபோது அதற்காக ஒருவர் ஆடு வளர்க்கவும் மாட்டார். நம் ஊர் ஆட்டின் கம்பளியை நம் ஊர்க்காரர்களே பின்னி உடுத்த வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நினைப்பது இதனால்தான்.

ஆஸ்திரேலிய மெரினோ அளவுக்கு வழவழப்பை இதில் எதிர்பார்க்காதீர்கள். கையால் நூற்றதால் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். சின்னச் சின்ன வடிவங்கள் இதில் எடுபடாது. நிட் என்ற அடிப்படைப் பின்னலின் சாதாரண வரிசைகளே அழகாகத் தெரியும். முதல் தடவை அலசும்போது நூல் உப்பி, கண்ணிகள் (பின்னலின் வளையங்கள்) ஒன்றோடு ஒன்று நெருங்கி உட்காரும். அதனால் பின்னும்போது கொஞ்சம் தளர்வாகவே பின்னுங்கள்.

பழனி மலைப் பக்கத்து வாசகர்களுக்கு: கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே வளர்வது பாரத் மெரினோ என்ற இனம். ராஜஸ்தானின் சொக்லா, நாலி ஆடுகளோடு மெரினோ, ராம்பூயே ஆகிய வெளிநாட்டு இனங்களும் கலந்து உருவாக்கியது. புல்வெளியில் ஆடுகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அந்தக் கம்பளி என்னவாகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது கடையில் என்ன பின்னிக்கொண்டிருக்கிறீர்கள்?

சனிக்கிழமை மாலையில் கூடுகிறவர்களின் கையில் இப்போது மூன்று வேலைகள் அதிகமாகத் தெரிகின்றன.

முதலாவது, பிள்ளைகளுக்கான பள்ளி ஸ்வெட்டர். வளர்கிற பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதிது பின்னுவது கட்டுப்படியாகாது. அதனால் கையை மணிக்கட்டிலிருந்து மேலே பின்னாமல், தோளிலிருந்து கீழே பின்னச் சொல்கிறோம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தோளில் இணைத்துவிட்டு, கை துவாரத்தைச் சுற்றிக் கண்ணிகளை எடுத்து, குறைத்துக்கொண்டே மணிக்கட்டு வரை இறங்குங்கள். அடுத்த ஆண்டு பிள்ளையின் கை நீண்டதும், முடித்த ஓரத்தை அவிழ்த்து, பார்டரை மட்டும் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, வேண்டிய அளவு பின்னி, மறுபடி பார்டர் போட்டுவிடலாம். கீழிருந்து மேலாகப் பின்னிய கையில் இது நடக்காது. கண்ணி ஏற்றிய ஓரம் அப்படிச் சுலபமாகப் பிரிந்து வராது. இதற்கென்று அதே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் காய்ச்சியதைக் காட்டும் லேபிள் எண்) ஓர் உருண்டையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தேயிலை பறிக்கப் போகிறவர்களுக்கான கையில்லாத ஸ்வெட்டர். காலை மூடுபனியில் நெஞ்சும் முதுகும் சூடாக இருக்க வேண்டும், கை தடையில்லாமல் ஓட வேண்டும். அக்குள் இறக்கத்தைத் தாராளமாக வையுங்கள். செடியில் மாட்டி இழுக்கும் என்பதால் முன்பக்கம் துளை விழும் வடிவங்கள் வேண்டாம், நெருக்கமாகப் பின்னுங்கள். கூடையின் பட்டை அழுத்தும் இடம் சீக்கிரம் தேயும். அந்த இடத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு இரட்டை இழையாகப் பின்னினால் இன்னும் சில பருவம் உழைக்கும்.

மூன்றாவது, வெள்ளைச் சால்வை. மார்கழியில் ஹெத்தையம்மன் திருவிழா வருகிறது. படுகர் கிராமங்களில் ஊரே வெள்ளை உடுத்திப் புறப்படும் நாள் அது. விழா நடக்கும் பேரகணி கிராமத்தில் அன்றைய அதிகாலைக் குளிரைத் தெரிந்தவர்கள் ஐப்பசியிலேயே வெள்ளை நூல் கேட்டு வந்துவிடுகிறார்கள். பால் வெள்ளை, தந்த வெள்ளை இரண்டும் வைத்திருக்கிறோம். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். குழல்விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சுத்தக் கம்பளி நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

யார் அணியப்போகிறார், யார் துவைக்கப்போகிறார் என்று எங்களிடம் முதலில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

தினமும் அழுக்காகும் பள்ளி ஸ்வெட்டருக்கும் வேலைக்குப் போட்டுப்போகும் ஸ்வெட்டருக்கும் கலப்பு நூலே போதும். அடித்துத் துவைத்தாலும் சுருங்காது, சீக்கிரம் காயும். இரவில் உட்கார்ந்து படிக்கும் பெரியவருக்கு, மழையில் நடமாட வேண்டியவருக்கு, குளிரில் எளிதில் நடுங்கும் முதியவருக்குக் கம்பளிதான். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. இழையின் சுருளுக்குள் அடைபட்ட காற்று சூட்டை வெளியே விடாது. அக்ரிலிக் உடம்புச் சூட்டைக் காக்கும், ஆனால் வியர்வையை வாங்காது. மேடேறி நடந்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். விறகடுப்பில் சமைக்கிறவர்களுக்கு நீளக் கை வைத்த அக்ரிலிக் ஸ்வெட்டர் பின்னித் தராதீர்கள். கம்பளியில் தீப்பொறி பட்டால் கருகி அணைந்துவிடும். அக்ரிலிக் உருகி எரிந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். தோட்டக் குடியிருப்புகளில் இன்றும் விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவர் ஸ்வெட்டரோடுதான் குனிகிறார். அவருக்குப் பரிசளிக்க விரும்பினால் விலை கூடினாலும் கம்பளி எடுங்கள், அல்லது கையில்லாமல் பின்னுங்கள்.

லேபிள் இல்லாத நூல் வீட்டில் கிடக்கிறது. அது கம்பளிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, தண்ணீர் வைத்த எவர்சில்வர் தட்டின் மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். மெதுவாகக் கருகி, தீயை எடுத்ததும் தானே அணைந்து, முடி கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியபின் கருப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி.

ஒரு ஸ்வெட்டருக்கு எவ்வளவு நூல் வாங்க வேண்டும்?

டபுள் நிட்டிங் நூலில் நடுத்தர உடம்புக்கு முழுக்கை ஸ்வெட்டர் 500 முதல் 600 கிராம் பிடிக்கும். முறுக்கிய கயிறுபோலத் தெரியும் கேபிள் வடிவம் போட்டால் இன்னும் கூடும். மஃப்ளருக்கு 150 முதல் 200 கிராம், குல்லாவுக்கு 100 கிராமுக்குள், பெரியவர் காலுறை ஒரு ஜோடிக்கு 4 ப்ளையில் 100 கிராம். கைக்குழந்தைச் சட்டைக்கு 4 ப்ளையில் 150 கிராம் தாராளம்.

எடையை மட்டும் பார்க்காமல் லேபிளில் மீட்டர் கணக்கையும் பாருங்கள். ஒரே 100 கிராமில் பருத்தி நூல் குறைந்த நீளமும் கம்பளி கூடுதல் நீளமும் தரும்.

இப்போது பாதி வாங்கிக்கொண்டு மீதியை அடுத்த மாதம் வாங்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை சாயம் காய்ச்சும்போதும் நிறம் நூலிழை அளவு மாறும். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். அதுதான் சாய எண். உருண்டையில் வித்தியாசம் தெரியாது, நெஞ்சுக்குக் குறுக்கே கோடாகத் தெரியும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் எங்கள் பார்சலும் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும், கேட்ட எண் கிடைக்காமலே போகலாம். ஓர் உருண்டை கூடுதலாக வாங்குங்கள். பிரிக்காமல் லேபிளோடு இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.

வேறு வழியில்லாமல் இரண்டு சாய எண்கள் சேர்ந்துவிட்டால், இரண்டு உருண்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கோடு கரைந்துவிடும்.

இணையத்தில் 8-ஆம் எண் ஊசி என்று போட்டிருந்தது. உங்களிடம் வாங்கிய 8-ஆம் எண்ணில் பின்னினால் ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது. ஏன்?

நம் ஊரில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண். அதில் 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க எண் இதற்கு நேர்மாறு. அங்கே 8 என்றால் 5 மி.மீ. எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். பாட்டியிடமிருந்து வந்த, எண் அழிந்துபோன ஊசிகளை எடுத்து வந்தால் அளவுத் தட்டில் நுழைத்துப் பார்த்துச் சொல்கிறோம்.

உலோக ஊசி வாங்குவதா, மூங்கில் ஊசியா?

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மூங்கில். கண்ணி வழுக்கி விழாது, ஜனவரிக் காலையில் தொட்டால் சில்லிடாது. கை பழகியவர்களுக்கு அலுமினியத்தில் வேகம் கிடைக்கும். வட்ட ஊசியின் இரு முனைகளை இணைக்கும் பிளாஸ்டிக் கேபிள் குளிரில் விறைத்துச் சுருண்டுகொண்டால், ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு நேராக இழுத்துப் பிடியுங்கள், படிந்துவிடும்.

போனி ஊசிகளை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. அது நம் கேத்தியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையின் வணிகப் பெயர். 1949-இல் தொடங்கிய ஆலை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகும்போது அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவே வரும் அதே கேத்திதான். அங்கே செய்த ஊசிகள் உலகத்தின் பல மூலைகளில் பின்னிக்கொண்டிருக்கின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையாகவே இருக்கிறது.

மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது அவசியமா?

அதே நூலிலும் ஊசியிலும் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளப்பதுதான் மாதிரித் துண்டு. கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று வைத்து, 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழுகிறது. முடித்து அளந்தால் 92 செ.மீ.கூட இருக்காது. மஃப்ளருக்குத் தேவையில்லை. உடம்பில் பொருந்த வேண்டிய எதற்கும் தேவை. பின்னிய துண்டை அலசிக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும்.

நடுவில் ஒரு கண்ணி நழுவிப் பல வரிசை கீழே போய்விட்டது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு சேஃப்டி பின்னை அந்தக் கண்ணியில் மாட்டி ஓட்டத்தை நிறுத்துங்கள். இப்போது துணியின் நிட் பக்கத்தை (V வடிவங்கள் தெரியும் பக்கம்) உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். விழுந்த கண்ணிக்கு மேலே, ஏணிப் படிபோல இழைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும். குரோஷா ஊசியை முன்னிருந்து பின்னாகக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணிக்குப் பின்னால் இருக்கும் மிகக் கீழான இழையைக் கொக்கியில் பிடித்து, கண்ணி வழியே முன்னால் இழுங்கள். ஒரு வரிசை மீண்டுவிட்டது. அடுத்த இழை, அதற்கடுத்த இழை என்று மேலே வாருங்கள். ஒன்றைத் தவறவிட்டால் பின்பக்கம் தளர்ந்த இழையாகத் தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசிக் கண்ணியை இடது ஊசியில் போடும்போது அதன் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

பிறக்கப்போகும் பேரக் குழந்தைக்குப் பின்ன வேண்டும். குழந்தை சென்னையில் வளரும்.

அப்படியென்றால் பருத்தி 4 ப்ளை. மில்க் காட்டன் என்று கேட்டு வருகிறீர்கள். அந்தப் பெயரில் வருவது பல நேரம் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்ததுதான், லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள். பருத்திக்குக் கம்பளியின் இழுவை இல்லாததால் பார்டர் தளர்ந்துபோகும். பார்டருக்கு மட்டும் ஒரு அளவு சிறிய ஊசி பயன்படுத்துங்கள்.

குழந்தைக்கு எந்த நூலில் பின்னினாலும் பஞ்சு பறக்கும் மொஹேரும் (வெள்ளாட்டு முடி நூல்) அங்கோராவும் (முயல் முடி நூல்) வேண்டாம். கழுத்தில் ரிப்பன் கட்டாதீர்கள். விரல் சிக்கும் துளை வடிவங்கள் சட்டையிலும் போர்வையிலும் வேண்டாம். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். குழந்தையின் தலை மூன்று மாதத்துக்குள் நீங்கள் நினைத்ததைவிட வளர்ந்துவிடும், ஆறு மாத அளவுக்கே பின்னுங்கள்.

தோடர் சால்வையின் வடிவத்தைப் பின்னலில் போட வரைபடம் கிடைக்குமா?

தருவதில்லை. தோடர் பெண்கள் செய்வது பின்னல் வேலை இல்லை, தையல் வேலை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி, சட்டம் எதுவும் மாட்டாமல், சிவப்பும் கருப்புமான நூலால் நெருக்கி இழைக்கிறார்கள். முன்பக்கமா பின்பக்கமா என்று தடுமாறும் அளவுக்கு இரண்டு பக்கமும் நேர்த்தியாக இருக்கும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வடிவங்கள் அவர்களுடைய வாழ்க்கையோடும் சடங்குகளோடும் சேர்ந்தவை. பிடித்திருந்தால் அவர்களிடமே சால்வையாக வாங்குங்கள். அதற்குரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

மூடுபனியில் ஸ்வெட்டர் காயவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

வாளியில் குளிர்ச்சி தணிந்த தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு. கால்மணி நேரம் ஊறட்டும், கசக்கக் கூடாது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி திக்காகிச் சுருங்கிவிடும், பிறகு மீட்க முடியாது. இரண்டு கையாலும் தாங்கித் தூக்குங்கள். ஒரு பக்கமாகத் தொங்கினால் ஈரத்தின் எடையிலேயே நீண்டுவிடும். உலர்ந்த துண்டில் வைத்துப் பாயைப்போலச் சுருட்டி, மேலே முழங்காலால் அழுத்துங்கள். துண்டை மாற்றி இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், காயும் நேரத்தில் பாதி அதிலேயே குறைந்துவிடும். பிறகு கயிற்றுக் கட்டிலிலோ மூங்கில் தட்டியிலோ படுக்கவைத்து, அறைக்குள் மின்விசிறியின் கீழ் விடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம்.

அந்துருண்டை போட்டு வைத்தால் பூச்சி அரிக்காதா?

அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கும் இடத்தைத்தான் அது முதலில் தேடும். அதனால் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். அரை ஈரத்தோடு கட்டினால் இந்த ஊரில் பூஞ்சணம் பிடிக்கும். வேப்பிலை மணத்துக்கு நல்லது, அதை மட்டும் நம்ப முடியாது.

குழந்தைத் துணிக்கு அந்துருண்டை போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலின் சில கைக்குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். முதல் பிள்ளையின் ஸ்வெட்டரை அந்துருண்டையோடு வைத்திருந்து எடுத்தால், துவைத்துப் பல நாள் வெயிலில் காட்டி, வாசனை முழுக்கப் போனபிறகே அடுத்த பிள்ளைக்குப் போடுங்கள்.

கற்றுக்கொள்ள வரலாமா? ஆண்களும் வரலாமா?

சனிக்கிழமை மாலை வாருங்கள், எல்லோரும் வரலாம். கட்டணம் இல்லை. வெளிர் நிற நூலும் 4 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

நூல் வாங்கிக் கொடுத்தால் பின்னித் தருவீர்களா? சந்தையில் பாதி விலைக்கு ஸ்வெட்டர் கிடைக்கிறதே?

பின்னித் தரும் பெண்களை அறிமுகப்படுத்துகிறோம். கூலியை அவர்கள் சொல்வார்கள், நாங்கள் நடுவில் எதுவும் எடுப்பதில்லை. சந்தையில் கிடைப்பது இயந்திரம் பின்னியது. பெரியவருக்கான ஒரு ஸ்வெட்டர் ஒருவரின் பல வாரத்து மாலை நேரம். அவசரத்துக்கு வேண்டும் என்றால் சந்தையிலேயே வாங்கிவிடுங்கள், அதில் தவறில்லை. கையால் பின்னியது வேண்டும், கூலி மட்டும் இயந்திர விலையில் வேண்டும் என்று கேட்காதீர்கள்.

அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அதே நூலில் மறுபடி பின்னலாமா?

கம்பளியாக இருந்தால் பெரும்பாலும் முடியும். முதலில் உள்பக்கத் தையலைப் பாருங்கள். பக்க ஓரத்தில் சங்கிலித் தையல் மட்டும் இருந்தால் பிரிக்கலாம். ஓரம் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். தையலைப் பிரித்து, கண்ணி முடித்த பக்கத்திலிருந்து இழுத்து, நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்குங்கள். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அடியில் சிறு எடை தொங்கவிட்டுக் காயவையுங்கள். பழைய சுருக்கம் போய் இழை நேராகிவிடும்.

முழங்கைப் பகுதி நூல் தேய்ந்திருக்கும், அதைத் தனியே வையுங்கள். நீங்கள் நினைக்கும் அளவுக்கு மறுபடி ஒரு பெரிய ஸ்வெட்டர் வராது. கையில்லாத ஸ்வெட்டரோ பிள்ளைக்கு ஒரு சட்டையோ வரும். குறைகிற இடத்துக்கு வேறு நிறத்தை ஒப்புக்குச் சேர்க்காமல், பார்டர் முழுவதையும் புதிய நிறத்தில் போடுங்கள். பழைய நூலின் ஒரு சாண் துண்டைக் கொண்டு வந்தால், தடிமனுக்கும் நிறத்துக்கும் பொருத்தமானதை வாசல் வெளிச்சத்தில் வைத்துச் சேர்த்துத் தருகிறோம்.